கத்தரி பிடித்த கை: டேவிட் லீனும் நாமும்

(தென்காசியில் நடந்த திரைப்பட ரசனைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீசன் நேரத்தில் கூட்டம் போட்டால் ஆள் சேராது, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும்போது எவன் வந்து நாற்காலியில் உட்காருவான் என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். வந்துவிட்டீர்கள். அதனால் முன்னுரையை நீட்டி உங்களைச் சோதிக்க மாட்டேன். அதுவும் போக, ஆடவல்லானைச் சிலையாக வைக்காமல் சித்திரமாக எழுதி வைத்துக் கும்பிடுகிற சபை உங்கள் குற்றாலத்தில் இருக்கிறது. படத்துக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு டேவிட் லீன். இங்கிலாந்துத் திரைப்பட இயக்குநர். நம்மிடம் வந்து படம் எடுத்த எல்லிஸ் ஆர். டங்கன் நினைவுக்கு வருவார், 'சதிலீலாவதி'யில் எம்.ஜி.ஆரை முதன்முதலாகக் காட்டியவர், எம்.எஸ். அம்மாவை வைத்து 'மீரா' எடுத்தவர். ஆனால் அவர் அமெரிக்கர். தமிழ் தெரியாமலே தமிழ்ப்படம் எடுத்த அவர் கதைக்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும். லீன் தமிழ்ப்படம் எடுக்கவில்லை. ஆனாலும் அவருக்கும் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் வரவும் உண்டு, பாக்கியும் உண்டு. அந்தப் பாக்கியைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

லீன் பிறந்தது 1908 மார்ச் 25, லண்டனை ஒட்டிய க்ராய்டனில். க்வேக்கர் என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். வீட்டில் சினிமாவுக்குத் தடை. அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த ஓர் அம்மாள்தான் சாப்ளின் படம் பார்த்துவிட்டு வந்து, சாப்ளின் எப்படி நடந்தார், எப்படி விழுந்தார் என்று பையனுக்கு நடித்துக் காட்டுவாராம். உலகத்தின் மிகப் பெரிய படங்களை எடுக்கப் போகிற ஆள், சினிமாவை முதலில் 'பார்த்தது' ஒரு வேலைக்கார அம்மாளின் உடம்பில்!

படிப்பு ஏறவில்லை. தம்பியை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார்கள். இவரை அப்பா வேலை பார்த்த கணக்கர் அலுவலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போனவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நடுவில் மாமா ஒருவர் சின்ன 'பிரவுனி' காமிரா ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டில் கணக்குப் புத்தகம் ஒன்றுகூட இல்லை, சினிமாப் பத்திரிகைகளாகக் கிடக்கின்றனவே என்று கவனித்த அத்தை, சினிமாவுக்கே போயேன் என்றார். 1927இல் கௌமான்ட் ஸ்டுடியோவில் சேர்ந்தார். டீ வாங்கி வருவது, கிளாப் அடிப்பது, பெட்டி சுமப்பது. நம் கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநர்கள் படுகிற பாடெல்லாம் அவரும் பட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது எடிட்டிங் அறை. செய்திப் படங்களை வெட்டி ஒட்டினார். செய்திப் படம் என்றால் இன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும். யோசிக்க நேரமில்லை, கை யோசிக்க வேண்டும். முப்பதுகளின் கடைசியில் இங்கிலாந்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் எடிட்டர்களில் ஒருவராகிவிட்டார். 'பிக்மேலியன்', '49th பேரலல்' எல்லாம் அவர் வெட்டியவை. அந்தக் காலத்தில் அங்கே உள்நாட்டுப் படங்களுக்கான சட்டக் கோட்டாவை நிரப்புவதற்காக அவசர அவசரமாகச் சின்னப் படங்கள் எடுத்துத் தள்ளினார்கள். இயக்கச் சொல்லி வந்த அந்த மாதிரி வாய்ப்புகளை லீன் வேண்டாம் என்றார். முதல் படம் மட்டமாகப் போனால் அதோடு தன் பெயரும் போகும் என்று காத்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

1942இல் நாடகாசிரியர் நோயல் கவர்ட் கடற்படைப் படம் ஒன்று எடுக்க வந்தார். அவருக்கு நடிக்கத் தெரியும், எழுதத் தெரியும், காமிராவை எங்கே வைப்பது என்று தெரியாது. லீனைக் கூப்பிட்டார். வருகிறேன், ஆனால் இயக்கம் என்று என் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்றார் லீன். வந்தது. 'இன் விச் வீ சர்வ்'. அதற்கப்புறம் கவர்டின் கதைகளிலிருந்தே வரிசையாகச் சில படங்கள்.

அதில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன்: 1945இல் வந்த 'பிரீஃப் என்கவுன்டர்'. கல்யாணமான ஒரு பெண்ணும் கல்யாணமான ஒரு டாக்டரும் ரயில்வே ஸ்டேஷன் டீக்கடையில் சந்திக்கிறார்கள். அவள் கண்ணில் கரித்தூள் விழுகிறது, அவர் எடுத்துவிடுகிறார். அவ்வளவுதான் ஆரம்பம். வாரம் ஒருநாள் சந்திப்பு. நம் தென்காசி ஜங்ஷனாக இருந்தால் இரண்டாவது வாரமே கீழப்புலியூர் வரைக்கும் சேதி போயிருக்கும்! கடைசிச் சந்திப்பு. இனிமேல் பார்க்கவே போவதில்லை. அந்த நேரம் பார்த்து, தெரிந்த பெண்மணி ஒருத்தி வந்து மேசையில் உட்கார்ந்து தொணதொணவென்று பேச ஆரம்பித்துவிடுகிறாள். ரயில் வந்துவிடுகிறது. அவர் எழுந்து, அவள் தோளில் ஒருமுறை கையை வைத்து அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். கண்ணீர் கிடையாது, வசனம் கிடையாது. லீன் இதைப் படத்தில் இரண்டு முறை காட்டுகிறார். தொடக்கத்தில் காட்டும்போது அது யாரோ ஒருவர் யாரோ ஒருத்தியின் தோளைத் தொட்டுவிட்டுப் போவது. கடைசியில் அதே கை, அதே தோள். நமக்கு நெஞ்சை அடைக்கிறது. காட்சி மாறவில்லை, அது வைக்கப்பட்ட இடம்தான் மாறியது. இது எழுத்தாளன் செய்கிற வேலையும் இல்லை, நடிகன் செய்கிற வேலையும் இல்லை. எடிட்டர் செய்கிற வேலை.

வெட்டுவதைப் பற்றித் தென்காசியில் பேசிவிட்டு ரசிகமணி டி.கே.சி.யைச் சொல்லாமல் போக முடியுமா? குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு கம்பராமாயணத்தில் கத்தரி வைத்தாரே அவர்! இது கம்பன் பாட்டு, இது செருகு கவி என்று பிரித்துப் பிரித்து எடுத்துவிட்டுப் பதிப்புப் போட்டார். பண்டிதர்கள் கொதித்தார்கள். யாரைக் கேட்டு வெட்டினீர், ஏடு எங்கே, பாடம் எங்கே என்றார்கள். அவர் என் காதைக் கேட்டு வெட்டினேன் என்கிற தோரணையில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வெட்டியது எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. எனக்கும் சில பாட்டுகளில் அவரோடு சண்டை உண்டு. ஆனால் வட்டத்தொட்டி என்ற தம் இலக்கியக் கூட்டத்தில் ஒரே பாட்டை ஒரு மணி நேரம் அனுபவிக்க வைத்தவருக்கு, மிச்சத்தைத் தள்ளிவைக்கத் தெரிந்ததால்தான் அப்படிச் செய்ய முடிந்தது. லீனும் அந்த ஜாதி ரசிகர்.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 1962. பீட்டர் ஓ'டூல் எரிகிற தீக்குச்சியை விரலருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊதி அணைக்கிறார். அடுத்த கணம் திரை முழுக்கப் பாலைவனம், அடிவானம் சிவந்து சூரியன் எழுகிறது. திரைக்கதையில் ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்தது தெரிவதாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தக் கரைப்பை லேபில் போட்டு வாங்குவதற்கு முன்னால் இரண்டு துண்டையும் சும்மா ஒட்டிப் பார்த்தபோதுதான், இதுவே போதும் என்று தெரிந்தது. எடிட்டர் ஆன் கோட்ஸ் என்ற பெண்மணி. கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய் முழுக்கச் சரியாக்கிக் கொண்டு வா என்று லீன் சொல்ல, அந்த அம்மாள் இரண்டே இரண்டு பிரேமை வெட்டியெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நொடிக்கு 24 பிரேம். இரண்டு பிரேம் என்றால் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதுதான் சரிக்கும் கிட்டத்தட்டச் சரிக்கும் உள்ள தூரம்.

அதே படத்தில் ஒமர் ஷெரீப் வருகிற இடம். கிணற்றடியில் இருவர் நிற்க, கானல் நீருக்குள் ஒரு புள்ளி அசைகிறது. அது ஆளா, ஒட்டகமா, பிரமையா என்று தெரியாது. அதைப் பிடிக்க ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் 482 மில்லிமீட்டர் நீள லென்ஸ் கொண்டு போயிருந்தார். புள்ளி வளர்ந்து வளர்ந்து ஆளாவதற்குள் தியேட்டரில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். இவ்வளவு வெட்டத் தெரிந்தவர் வெட்டாமல் விட்ட இடம் அது.

மற்றப் பெரிய படங்களை ஓட்டமாகச் சொல்கிறேன். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்துக்கு ஏழு ஆஸ்கர், 'லாரன்ஸ்' படத்துக்கு ஏழு, 1965இல் 'டாக்டர் ஷிவாகோ'வுக்கு ஐந்து. ரஷ்யக் கதையான ஷிவாகோவைப் பெரும்பாலும் ஸ்பெயினில் எடுத்தார். அந்தப் பனி மாளிகையில் தெரிகிற பனி மெழுகு. 1970இல் 'ரயன்ஸ் டாட்டர்'. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு கிராமத்தையே கல்லால் கட்டி, நிஜமான புயலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்தார். படம் வந்ததும் நியூயார்க்கில் விமர்சகர்கள் சாப்பாட்டுக்கு என்று கூப்பிட்டு, 'பிரீஃப் என்கவுன்டர்' எடுத்த ஆளா இதை எடுத்தது என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். மனுஷன் உடைந்து போனார். அடுத்த படத்துக்குப் பதினான்கு வருடம். இடையில் 'பவுன்ட்டி' கப்பல் கலகத்தைப் படமாக்கப் பாடுபட்டு அதுவும் கை நழுவியது. விமர்சகர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு என்பது என் கட்சி. சின்னக் கதையைப் பெரிய திரையில் இழுத்த படம் அது. ஆனாலும் ஒரு கலைஞனுக்குப் பதினான்கு வருடம் என்பது வெறும் தண்டனை இல்லை, தீர்ப்பை மீறிய தண்டனை.

திரும்பி வந்தது இந்தியாவுக்கு. அவருக்கு இந்தியா புதிதல்ல. ஆறு மனைவியரில் ஒருவர் ஐதராபாத்துக்காரர். ஐம்பதுகளின் கடைசியில் காந்தியைப் படமாக்கவே திட்டம் போட்டு, அதைக் கைவிட்டுத்தான் லாரன்ஸுக்குப் போனார். பிறகு காந்தி 1982இல் ஆட்டன்பரோ கையில் வந்தது. லீன் எடுத்துக்கொண்டது இ.எம். ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா'. ஃபார்ஸ்டர் உயிரோடு இருந்தவரை சினிமாவுக்கு உரிமை தர மறுத்தவர். சத்யஜித் ராய்கூட ஆசைப்பட்டிருக்கிறார். பெங்களூரில் ஊரையே செட்டாகப் போட்டு, பக்கத்தில் சாவன்துர்காவின் பாறைகளில் மராபார் குகைகளை உருவாக்கி எடுத்தார் லீன். 1984இல் வெளிவந்தது. எழுத்து, இயக்கம், எடிட்டிங் மூன்றும் அவரே, 76 வயதில்! பெக்கி ஆஷ்கிராஃப்ட் அதில் நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கினார்.

ஆனால் பேராசிரியர் காட்போலே என்ற பிராமணர் வேடத்துக்கு அலெக் கின்னஸுக்கு மைபூசி உட்கார வைத்ததை நான் மன்னிக்க மாட்டேன். விக்டர் பானர்ஜி, ரோஷன் சேத், சயீத் ஜாஃப்ரி என்று நல்ல நடிகர்கள் அதே படத்தில் இருக்கும்போது அப்படி ஒரு காரியம். கின்னஸ் பாவம், அதற்காக நடனம் எல்லாம் பழகினார். லீன் அந்த நடனத்தையும் பெரும்பாலும் வெட்டிவிட்டார். நண்பர்களுக்குள் மனஸ்தாபம். வெட்டியது சரி, வேடம் கொடுத்ததுதான் தப்பு.

இப்போது பாக்கிக் கணக்குக்கு வருகிறேன்.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்', 1957. கதை நடப்பது சயாமில், இன்றைய தாய்லாந்தில். எடுத்தது இலங்கையில், கித்துள்கல என்ற இடத்தில், களனி ஆற்றங்கரையில். யானைகளை வைத்து மரம் இழுத்து நிஜமாகவே ஒரு பாலம் கட்டினார்கள். இலங்கை ரயில்வேயிடம் பழைய ரயிலை விலைக்கு வாங்கினார்கள். வெடிக்க வைக்கிற நாளில் காமிராமேன் ஒருவர் பத்திரமாக ஒதுங்கிவிட்டதற்கான அடையாளம் வராமல் போக, வெடியை நிறுத்திவிட்டார்கள். ரயில் பாலத்தைத் தாண்டி அக்கரையில் போய் முட்டி நின்றது. மறுபடி எல்லாவற்றையும் தூக்கி வைத்து, மறுபடி ஓட்டி, அப்புறம்தான் வெடித்தார்கள். நாம் பார்ப்பது இரண்டாவது தடவை.

அந்தப் படப்பிடிப்பைப் பள்ளிச் சுற்றுலாவில் போய் வேடிக்கை பார்த்த ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியைச் சேர்ந்தவன். அங்கே நின்ற ஒரு வெள்ளைக்காரர் உரக்க 'ரெயின்' என்று சொன்னாராம். உடனே மழை கொட்டியதாம். சொன்னால் மழை பெய்யும் என்றால் நானும் இந்த வேலைக்குத்தான் வருவேன் என்று அந்தப் பையன் அன்றைக்கே முடிவு செய்தான். பெயர் பாலு மகேந்திரா. பிற்காலத்தில் அவரே பலமுறை சொன்ன கதை இது. 'ரெயின்' என்று சொன்ன அந்த வெள்ளைக்காரர் டேவிட் லீன்.

நம் ஊரில் ஷூட்டிங் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள வேடிக்கை புரியும். சுந்தரபாண்டியபுரம் 'ரோஜா'வில் வந்தது, 'அந்நியன்' பாட்டில் வந்தது. இந்தப் பக்கம் படப்பிடிப்பு பார்க்காத ஆள் குறைவு. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும், அப்படியும் டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து குழாயில் பீய்ச்சுவார்கள். கிறுக்குத்தனம் இல்லை. குற்றாலத்துச் சாரல் நம் தோளுக்குத் தெரியும், காமிராவுக்குத் தெரியாது. துளி கனமாக இருந்து, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் மழைக் கம்பி படத்தில் ஏறும். லீனுடைய 'ரெயின்' அப்படி வரவழைத்த மழைதான்.

அந்தப் பொய் மழையைப் பார்த்து மயங்கிய பையன்தான், பின்னாளில் இருக்கிற வெளிச்சத்திலேயே படம் எடுப்பேன், கூடுதல் விளக்கு வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, 'அழியாத கோலங்கள்', 'மூன்றாம் பிறை', 'வீடு', 'சந்தியா ராகம்' எடுத்தார். சினிமா பட்டறை நடத்தினார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லாம் அவரிடமிருந்து வந்தவர்கள். லீனுடைய பிரமாண்டத்தை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதுதான் நல்ல சீடனுக்கு அழகு. இது நம் வரவு.

பாக்கி என்ன? 'க்வாய்' படத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரிட்டிஷ் போர்க் கைதிகள், ஜப்பான் ராணுவம், ஓர் அமெரிக்கர், சுமை தூக்கச் சில சயாம் பெண்கள். நிஜத்தில் ஜப்பான் ராணுவத்துக்காக, சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942க்கும் 1943க்கும் இடையில் போட்டவர்கள் யார்? போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியக் கூலிகள் அவர்களைப்போல மூன்று மடங்குக்கு மேல். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், அவர்களோடு மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வாரிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு என்று சொல்லி ஏற்றினார்கள். பிறகு சொல்லாமலே பிடித்து ஏற்றினார்கள். கைதிகளுக்காவது தங்கள் ராணுவ டாக்டர்கள் கூட இருந்தார்கள், கட்டுப்பாடு சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டக் கூலிக்கு எவரும் இல்லை. காலரா வந்தபோது கொட்டகை கொட்டகையாகச் செத்தார்கள். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் எத்தனை என்று சரியான கணக்கே கிடையாது. 90,000 என்பது ஒரு மதிப்பீடு.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிய புல், வரிசை, பெரும்பாலானவற்றில் பெயர், வயது. தமிழனுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. படம் ஓடியதில் அந்தப் பாலத்தைத் தேடி உலகமே வந்தது. நிஜமான பாலம் இருந்தது மே க்ளாங் ஆற்றின் மேல். வருகிறவர்கள் க்வாய் எங்கே, க்வாய் எங்கே என்று கேட்டதில், தாய்லாந்து அரசு அந்த ஆற்றுப் பகுதியின் பெயரையே 1960இல் க்வாய் என்று மாற்றிவிட்டது. ஒரு படத்தால் ஆற்றின் பெயரை மாற்ற முடிந்திருக்கிறது. அந்தப் படத்தில் தமிழ்க் கூலி ஒருவர் முகம் இருந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள்.

லீன் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நாவலில் ஒரு பிரிட்டிஷ் கர்னலின் வீண் கர்வம்தான் கதை. லீனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆனால் கொழும்பிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நிறைந்த மலைநாட்டின் வாசலில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையை எடுத்தார். தோட்டத் தொழிலாளி யாரென்று அவருக்குப் பார்க்கக் கிடைக்காமல் இல்லை. இரண்டு பிரேமின் அருமை தெரிந்த கண்ணுக்கு லட்சம் பேர் தெரியவில்லை. அவருடைய கலையை நான் எவ்வளவு மதிக்கிறேனோ, அவ்வளவுக்கு இந்தக் குறையையும் சொல்லியே ஆக வேண்டும்.

1991 ஏப்ரல் 16இல் லீன் காலமானார். அடுத்த படமான 'நாஸ்ட்ரோமோ' தொடங்கச் சில வாரங்களே இருந்தன. அவர் விட்ட இடத்தை அவர் இனி நிரப்ப முடியாது. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண இரயில்' என்று நாவல் எழுதினார். ஆவணப்படமும் வந்திருக்கிறது. போதாது. உலகம் உட்கார்ந்து பார்க்கும்படியான முழுநீளக் கதைப் படம் ஒன்று இந்த மண்ணிலிருந்து வர வேண்டும்.

அதற்குக் கச்சாப் பொருள் உங்களிடம் இருக்கிறது. கடையநல்லூர், தென்காசியிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகாத தெரு உண்டா? ஜப்பான்காரன் காலம் என்று பேச்சைத் தொடங்குகிற பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருப்பார்கள். இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகள் இருப்பார்கள். பழைய தகரப் பெட்டிகளில் கடிதம், பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது கிடக்கும். சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாத உறவு யாருக்காவது உண்டென்றால், அவர் பெயரையும் ஊரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் பேசினால் செல்போனில் பதிந்து வையுங்கள். பின் வரிசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளில் யாராவது அதை வாங்கிப் படமாக எடுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். அப்படி ஒரு பெயர் தெரிந்தவர்கள் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.